டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை: அரசுப் பணி உளவியலாளர்கள் சங்கம் கண்ட கதை

நமது ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு தங்கை கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். உளவியலில் முதுகலை முடித்தவர். ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறார். பேச்சு தொழிற்சங்கங்களைப் பற்றித் திரும்பியபோது அவர் கேட்டார்: "தோழர், டாக்டருங்களுக்குச் சங்கம் இருக்கு, நர்சுங்களுக்கு இருக்கு, லேப் டெக்னீஷியனுக்குக்கூட இருக்கு. நாங்க எதுல சேர்றது?"

மனசைப் பார்க்கிற வேலைக்கும் சங்கமா என்று ஒரு தம்பி சிரித்தார். அந்தத் தங்கை சிரிக்கவில்லை. மருந்து குடித்துப் பிழைத்து வந்த ஒரு பள்ளி மாணவியிடம் பேசி, விடுதியில் சாதி சொல்லித் திட்டியதுதான் காரணம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். 'குடும்பப் பிரச்சினை' என்று மாற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. "மாத்தலைன்னா என்ன ஆகும்னு யாரும் சொல்லலை. சொல்லாமலே எனக்குப் புரியுது" என்றார்.

அன்று நம்மிடம் சரியான பதில் இல்லை. தேடிப் படித்தபோது, இதே கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுப் பதில் தேடியவர்கள் இங்கிலாந்தில் இருப்பது தெரிந்தது. உளவியலாளர்களை அரசுச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை முன்கூட்டியே தொடங்கிய நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே அவர்கள் எப்படிச் சங்கமானார்கள், சங்கமான பிறகும் எது விடுபட்டது என்று பார்ப்போம்.

கதை 1913இல் தொடங்குகிறது. லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட் என்பவரைப் பகுதி நேர உளவியலாளராக வேலைக்கு அமர்த்தியது. பிரிட்டனில் ஓர் உள்ளாட்சி அமைப்பு சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட முதல் உளவியலாளர் அவர்தான். கட்டாயக் கல்வி வந்து, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்ட காலம் அது. யாரைச் சாதாரணப் பள்ளியில் வைப்பது, யாரைத் தனிப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய நிர்வாகத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டது. அந்த எண்ணை எடுத்துக் கொடுப்பதுதான் பர்ட்டின் வேலை.

பர்ட் எதை நம்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதரின் அறிவுத்திறன் பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது அவருடைய கொள்கை. 'பிறப்பிலேயே' என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு உடம்பு கூசும். அதற்குக் காரணம் உண்டு. பிரிந்து வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததாகச் சொல்லி அவர் அதற்கு ஆதாரம் காட்டினார். 1946இல் சர் பட்டம் வாங்கினார், 1971இல் இறந்தார். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து லியோன் கமின் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். இரட்டையர் 21 ஜோடியாக இருந்தபோதும், பிறகு 53 ஜோடியாகக் கூடிய பிறகும், ஒப்புமை எண் 0.771 என்றே அசையாமல் நின்றது. நிஜமான அளவீட்டில் மூன்றாம் தசமம்வரை அப்படி நிற்காது. 1976இல் 'சண்டே டைம்ஸ்' அதைப் பெரிய செய்தியாக்கியது. பர்ட்டுக்காக வாதாடியவர்களும் பின்னர் வந்தார்கள். வழக்கு முற்றாக முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்த எண்களை ஆதாரமாக வைத்து இனி யாரும் எதையும் கட்ட முடியாது என்பது மட்டும் உறுதி.

ஆக, அரசுப் பணி உளவியலாளர் என்ற இந்த உத்தியோகம் பிறந்ததே ஏழைப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் மேசையில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு சங்கக் கதைக்கு வருவோம்.

பிரிட்டிஷ் உளவியல் கழகம் என்று ஒன்று 1901லிருந்தே இருக்கிறது. இதழ் நடத்தும், மாநாடு கூட்டும், நெறிமுறை வகுக்கும். 1965இல் அரச பட்டயமும் பெற்றது. ஆனால் அது ஓர் அறக்கட்டளை. அந்நாட்டுச் சட்டப்படி அறக்கட்டளை பொது நன்மைக்காக இயங்க வேண்டும். தன் உறுப்பினர்களின் சம்பளத்துக்காக முதலாளியிடம் பேரம் பேசும் அமைப்பாக இருக்க முடியாது. உங்கள் அறிக்கையை மேலதிகாரி திருத்தச் சொன்னால் கழகம் நெறிமுறைப் புத்தகத்தைக் காட்டும். விசாரணை அறையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காராது. நம் ஊரிலும் படித்தவர்களின் சபைகளுக்குக் குறைவில்லை. சான்றிதழ் தருவார்கள், கருத்தரங்கம் நடத்துவார்கள், மாலையில் தேநீரும் தருவார்கள். வேலை போன மறுநாள் போன் செய்து பாருங்கள்.

அன்றைய கல்வி உளவியலாளர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களாக இருந்து வந்தவர்கள். நாடு முழுவதும் சில நூறு பேர்தான். ஆசிரியர் சங்கங்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு நடுவே இவர்கள் குரல் எடுபடவில்லை. பள்ளியில் கேட்டால் நீங்கள் ஆசிரியர் இல்லையே என்பார்கள்; மருத்துவ நிலையத்தில் கேட்டால் நீங்கள் டாக்டர் இல்லையே என்பார்கள். 1962இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கல்வி உளவியலாளர் சங்கம் என்பது அதன் பெயர். அது சபையாகவும் இருக்கிறது, பதிவு பெற்ற தொழிற்சங்கமாகவும் இருக்கிறது. சில ஆயிரம் பேர் கொண்ட அந்தச் சிறிய சங்கம் இன்று பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசிலும் அங்கம் வகிக்கிறது.

அவர்களுடைய சம்பளத்தைப் பேசி முடிக்கும் கூட்டுக் குழுவுக்குச் சோல்பரி குழு என்று பெயர். ஒரு பக்கம் உள்ளாட்சி நிர்வாகங்கள், மறுபக்கம் சங்கங்கள். ஈழ வரலாறு படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அதே சோல்பரி பிரபுதான். கல்வித் துறை அமைச்சராக இருந்தவர். 1944 இறுதியில் இலங்கைக்கு வந்த ஆணைக்குழுவின் தலைவர். 1949 முதல் 1954 வரை அங்கே மகாதேசாதிபதி. ஜி.ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு வாதாடியது அவர் முன்னால்தான். அதே ஆணைக்குழுவின் முன்னால் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் சார்பில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் போய் நின்றது. தமிழர் எல்லாருக்கும் நாங்களே பிரதிநிதி என்று சொல்பவர்கள் எங்களைப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்பதுதான் அந்த மக்களின் முறையீடு. பிரதிநிதித்துவம் என்றாலே யாருடைய பெயரில் யார் பேசுவது என்ற சண்டைதானே. அந்தச் சண்டை உளவியலாளர் சங்கத்தையும் தேடி வந்தது. அது கிளம்பி வந்த இடம் சம்பளக் குழு இல்லை.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் வந்த விதிகள் பிள்ளைகளை வகை பிரித்தன. அதில் ஒரு வகைக்குப் பெயர் 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள்'. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி இ.எஸ்.என். என்பார்கள். இந்த முத்திரை விழுந்த பிள்ளைக்குத் தனிப் பள்ளி. அங்கே போனவர்களில் திரும்பிச் சாதாரணப் பள்ளிக்கு வந்தவர்கள் சொற்பம். சட்டப்படி கையெழுத்துப் போடுபவர் பள்ளி மருத்துவ அதிகாரி. அந்தக் கையெழுத்துக்கு அடித்தளமான நுண்ணறிவுத் தேர்வைச் சில நேரம் அவரும், பல நேரம் உளவியலாளரும் நடத்தினார்கள்.

போருக்குப் பின் கரீபியன் தீவுகளிலிருந்து வேலைக்கு அழைத்து வரப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகள் 1960களில் லண்டன் பள்ளிகளுக்கு வந்தார்கள். பெற்றோர் பேருந்து ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்த்தார்கள். உங்கள் பிள்ளையை 'ஸ்பெஷல் ஸ்கூல்' ஒன்றுக்கு மாற்றுகிறோம் என்று கடிதம் வந்தபோது பலர் சந்தோஷப்பட்டார்கள். 'ஸ்பெஷல்' என்றால் உயர்வான பள்ளி என்று நினைத்தார்கள். இந்த ஒரு வரியைப் படித்தபோது நமக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அரசுக் காகிதத்தை நம்பிக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மாக்கள் நம் வீடுகளிலும் உண்டு.

பெர்னார்ட் கோர்ட் என்ற கிரெனடா நாட்டு இளைஞர் அந்தப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர். கண்ணால் கண்டதையும், லண்டன் கல்வி நிர்வாகம் 1967இல் உள்ளுக்குள் தயாரித்த அறிக்கையின் எண்களையும் சேர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். ஜான் லா ரோஸ் நடத்திய நியூ பீக்கன் பதிப்பகம் 1971இல் அதை வெளியிட்டது. சாதாரணப் பள்ளிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் 15 விழுக்காடு, இ.எஸ்.என். பள்ளிகளில் 28 விழுக்காடுக்கும் மேல். அந்தப் பிள்ளைகளிலும் நான்கில் மூன்று பங்கு கரீபியன் பிள்ளைகள். நிர்வாகத்தின் சொந்தக் காகிதமே இதைச் சொன்னது.

தேர்வு எப்படி நடந்தது என்பதற்குக் கோர்ட்டும் மற்றவர்களும் சுட்டிய எடுத்துக்காட்டு ஒன்று போதும். தண்ணீர்க் குழாயை வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளை 'டேப்' என்று சொல்லும். கரீபியன் வீட்டில் அதற்குப் 'பைப்' என்று பெயர். நம் தெருவிலும் பைப்தானே? 'டேப்' என்ற சொல் தெரியாத பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை. வீட்டில் பேசும் பேச்சு வேறு, தேர்வு கேட்கும் பேச்சு வேறு என்பதை அறிவுக் குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

கயானாவில் பிறந்த வேவனி புஷெல் என்ற பெண்மணியை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் முதல் கறுப்பினக் கல்வி உளவியலாளர்களில் ஒருவர். அந்தத் தேர்வுகளை வைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர். இந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் இல்லை, தேர்வுதான் அவர்களுக்கானதில்லை என்று உள்ளே இருந்துகொண்டே சொன்னார். அவர் தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து இயங்கிய இடம் கரீபியன் கல்வி மற்றும் சமூகப் பணியாளர் சங்கம். கோர்ட்டின் கட்டுரை முதலில் படிக்கப்பட்டதும் அந்தச் சங்கம் கூட்டிய மாநாட்டில்தான். வடக்கு லண்டனில் பெற்றோர்கள் தனியே திரண்டார்கள். சனிக்கிழமைகளில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நம் இரவுப் பாடசாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பின்னாளில் கிரெனடாவில் துணைப் பிரதமரானார். 1983இல் பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று 2009 வரை சிறையில் இருந்தார். அந்த 1971 நூல் சொன்ன உண்மை அதனால் பொய்யாகிவிடாது. அந்த நூலுக்காக அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதும் இல்லை.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1971இல் உளவியலாளர் சங்கத்துக்கு ஒன்பது வயது. சம்பளத்துக்கும் பணியிடங்களுக்கும் நியாயமாகவே வாதாடிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் உளவியலாளராவது வேண்டும் என்று 1968இல் அரசுக் குழு ஒன்று பரிந்துரைத்திருந்தது. ஆனால், நாம் தினமும் வைக்கும் இந்தத் தேர்வு யார் வீட்டுப் பிள்ளையை எங்கே தள்ளுகிறது என்ற கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் பேருந்து ஓட்டுநர்களும் இரவு நர்சுகளும்தான்.

இதைக் கேட்டால் நமக்குப் பம்பாய் பஞ்சாலைகள் நினைவுக்கு வர வேண்டும். அங்கே நெசவுப் பிரிவில்தான் கூலி கூடுதல். அதில் தீண்டப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை. நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்தி முடிச்சுப் போட வேண்டும், அது தீட்டாம். 1928 வேலைநிறுத்தத்தின்போது கோரிக்கைப் பட்டியலில் இது ஏன் இல்லை என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அண்ணல் அம்பேத்கர் கேட்டார். அதற்காக அவர் சங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1943இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, முதலாளிகள் தொழிற்சங்கங்களை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று திருத்த மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். சங்கம் வேண்டும், அதன் கோரிக்கைப் பட்டியலில் கடைசி மனிதரும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டார்.

இனி மருத்துவமனைப் பக்கம் போவோம். தங்கையின் கேள்விக்கு நெருக்கமான பகுதி அதுதான். தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கியதிலிருந்து மருத்துவ உளவியலாளர்கள் அதன் ஊழியர்கள். மனநல மருத்துவர் சொல்கிற சோதனையை வைத்து எண்ணை எழுதிக் கொடுக்கும் ஆளாகத்தான் ஆரம்பத்தில் இவர்களை நடத்தினார்கள். இவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்காமல், விஞ்ஞானிகள், தொழில்நுட்பர்கள், அலுவலர்கள் எல்லாரும் இருந்த ஏ.எஸ்.டி.எம்.எஸ். என்ற பெரிய சங்கத்தில் சேர்ந்தார்கள். கிளைவ் ஜென்கின்ஸ் தலைமையில் வெள்ளைக் காலர் ஊழியர்களைத் திரட்டிய சங்கம் அது. 1988இல் அது எம்.எஸ்.எஃப். ஆனது, பிறகு அமிக்கஸ், 2007இல் யுனைட்.

தனிச் சங்கமா, பெருஞ்சங்கமா? நம் மாணவர்கள் இதில் மணிக்கணக்கில் வாதாடக்கூடியவர்கள். நமக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதற்குக் காரணம் ஒரு வழக்கு.

பாம் எண்டர்பி என்பவர் பிரிஸ்டல் நகர் ஃப்ரென்சே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுத்தருவது அவர் வேலை. 1986இல் அவருடைய ஆண்டுச் சம்பளம் 10,106 பவுண்டு. அதே நிலையில் இருந்த மருத்துவ உளவியலாளருக்கு 12,527. மருந்தாளுநருக்கு 14,106. பேச்சுப் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். மற்ற இரண்டு தொழில்களிலும் மேல் பதவிகளில் ஆண்கள் அதிகம். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். சங்கம் அவர் பின்னால் நின்றது.

நிர்வாகம் சொன்ன பதிலைக் கவனியுங்கள். இதில் பாகுபாடே இல்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பேச்சுவார்த்தை நடந்தது, தனித்தனி ஒப்பந்தம் வந்தது, வித்தியாசம் அப்படித்தான் உண்டானது என்றார்கள். அதாவது ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துப் பேசிவிட்டு, அறைகள் தனித்தனியாக இருந்தன, அதனால் கூலியும் வேறு என்கிறார்கள். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாதியை நிறுத்தி, அவரவர் படி அவரவருக்கு என்று சொல்லும் ஏற்பாட்டில் பிறந்த நமக்கு இந்த வாதம் புதிதல்ல. 1993 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஊதிய இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்து, குறைந்த ஊதியம் வாங்குவோர் பெரும்பாலும் பெண்களாகவும் இருந்தால், தனித்தனிப் பேச்சுவார்த்தை என்பது மட்டும் அதற்கு நியாயமாகாது என்று தீர்ப்பளித்தது.

எண்டர்பியின் பின்னால் நின்ற சங்கத்திலேயே மருத்துவ உளவியலாளர்களும் உறுப்பினர்கள். யாருடைய சம்பளத்தைக் காட்டி இவர் வழக்குப் போட்டாரோ, அவர்களுடைய சந்தாவும் அந்தச் சங்கத்தின் பெட்டியில்தான் விழுந்தது. உளவியலாளர்கள் தங்களுக்கென்று தனி வீடு கட்டிப் போயிருந்தால், எங்கள் சம்பளத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று எதிர்த் தரப்பில் நின்றிருக்கக்கூடும் அல்லவா? நிற்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல நமக்கு மனது வரவில்லை. மேல் படிக்காரர்களை நமக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட வழக்குகளின் அழுத்தமும் சேர்ந்துதான் 2004இல் சுகாதாரச் சேவையின் ஊதிய முறையே மாறியது. டாக்டர்களும் உச்ச நிர்வாகிகளும் தவிர மற்ற அனைவரின் வேலையையும் ஒரே அளவுகோலில், 16 கூறுகளாகப் பிரித்து எடை போடுகிறார்கள். அறிவு, பொறுப்பு, உடலுழைப்பு ஆகியவற்றோடு 'உணர்வுச் சுமை' என்று ஒரு கூறும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரிடம் நாள் முழுவதும் பேசுகிற ஆலோசகரின் களைப்புக்கு அதில் மதிப்பெண் இருக்கிறது. பிணவறையைக் கழுவித் துடைக்கிற தொழிலாளியின் களைப்புக்கும் அதே கட்டத்தில் மதிப்பெண் போட வேண்டும். நடைமுறையில் குறைகள் ஏராளம். இருந்தாலும் அப்படி ஒரு கட்டம் காகிதத்தில் இருப்பதே நமக்கு ஆச்சரியம்தான்.

கல்வி உளவியலாளர்களிடம் திரும்புவோம். 1978இல் வார்னாக் குழு அறிக்கை வந்து, 1981ஆம் ஆண்டுச் சட்டம் இ.எஸ்.என். என்ற வகையையே ஒழித்தது. பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்காமல் என்ன தேவை என்று கேட்கும் முறை வந்தது. உளவியலாளரின் அறிக்கையைச் சட்டம் கட்டாயமாக்கியது. அதோடு புதுச் சிக்கலும் வந்தது. அறிக்கையை எழுதுபவர் உள்ளாட்சியின் சம்பளக்காரர். அறிக்கையில் உள்ள உதவிக்குச் செலவழிக்க வேண்டியதும் அதே உள்ளாட்சி. இந்தப் பிள்ளைக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் தனி உதவி வேண்டும் என்று எழுதினால் முதலாளியின் பணப்பெட்டியில் கை வைத்த மாதிரி. அதனால் 'தகுந்த உதவி தேவை' என்று மழுப்பலாக எழுதும் வழக்கம் ஊறியது. அந்தப் புகாரைப் பெற்றோர்கள் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லண்டனின் ஹில்லிங்டன் பகுதியில் எழுத்துகளைப் படிப்பதில் இருந்த சிரமத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டதால் வாழ்க்கை பாதித்த ஒரு பெண் வழக்குப் போட்டார். உளவியலாளரின் கடமை அவரை வேலைக்கு வைத்த நிர்வாகத்துக்குத்தான், பிள்ளைக்கு அல்ல என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அதைத் தூக்கி எறிந்தது. நிர்வாகம் சம்பளம் கொடுத்தாலும் உளவியலாளருக்கு அந்தப் பிள்ளையிடம் கடமை உண்டு, அதில் தவறினால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்பை நம் தங்கையின் அறிக்கையோடு வைத்துப் பாருங்கள். கடமை பிள்ளையிடம் என்று சட்டம் சொல்லிவிடலாம். மேலதிகாரி கூப்பிட்டு, இந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லும்போது அந்தக் கடமையோடு தனியாக நிற்பவரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கூட இன்னொருவர் வர வேண்டும். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். விசாரணை என்றால் வழக்கறிஞர் வைக்கப் பணம் வேண்டும். சங்கம் சந்தா வாங்குவது இதற்குத்தான். சம்பளத்துக்கான சங்கம், மனசாட்சிக்கான சங்கம் என்று இரண்டு இல்லை. வேலை உறுதி இல்லாதவரின் மனசாட்சியை முதலாளி மலிவாக வாங்கிவிடுவார்.

2010க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் உள்ளாட்சிகளின் நிதி வெட்டப்பட்டது. பல இடங்களில் உளவியலாளரின் நேரத்தைப் பள்ளிகள் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வசதி உள்ள பள்ளி வாங்கும், மற்றது காத்திருக்கும். 2023இல் இங்கிலாந்துக் கல்வித் துறை வெளியிட்ட ஆய்வில் 88 விழுக்காடு உள்ளாட்சிகள் உளவியலாளர் கிடைக்காமல் திண்டாடுவதாகச் சொல்லின. இருப்பவர்கள் சட்டக் கெடுவுக்குள் அறிக்கை எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை. உட்கார்ந்து பிள்ளையோடு பேச நேரம் எங்கே?

இ.எஸ்.என். பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட அந்தக் கரீபியன் பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். 2021இல் பிபிசி எடுத்த ஆவணப்படத்தில் சிலர் பேசினார்கள். தாங்கள் முட்டாள்கள் என்றே பல காலம் நம்பி வாழ்ந்ததாகச் சொன்னார்கள். வேவனி புஷெலும் அதில் பேசுகிறார். மாணவர்கள் தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் போன ஞாயிறு அந்தத் தங்கையிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தோழர், இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றார். பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்றோம். அவர் கணக்குப் பார்த்ததில் பக்கத்து மருத்துவமனைகளையும் சேர்த்து ஆலோசகர்கள் பதினொரு பேர். நான்கு பேர் வருவார்கள். மற்றவர்களுக்கு மார்ச் மாதப் பயம். அதே வளாகத்தில் துப்புரவுப் பணி செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே சங்கம் இருக்கிறது. பெரும்பாலும் நம் பெண்கள். போன வருடம் பி.எஃப். பணத்துக்காக வாசலில் உட்கார்ந்து போராடி வாங்கியவர்கள். அதன் தலைவி அக்காவை இவருக்குத் தெரியும். தினமும் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள், அதற்கு மேல் பேசியதில்லை. அவர்கள் கூட்டம் இந்த வியாழக்கிழமை மாலை, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால். அவர் போகிறேன் என்றிருக்கிறார். அறிக்கையை இதுவரை மாற்றிக் கொடுக்கவில்லை.